கண்டக்டர் அம்மா உட்கார்ந்த கதை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். இந்தக் கதையைக் கோபப்படாமல் சொல்ல என்னால் முடியாது, முடிந்தாலும் சொல்ல மாட்டேன். இதில் எனக்குக் கோபம் வராத ஆள் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் மேலேயே எனக்கு இருக்கும் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ஏழாவது கேள்வி, ‘இந்த மூன்று மாதத்தில் கீழே விழுந்தவர்கள் எத்தனை பேர்?’ நாலு வருடமாக அந்தக் கட்டத்தில் ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதினேன். பதினாறு படிவம், பதினாறும் பொய். தெரியாமல் எழுதியது அதில் ஒன்றுகூட இல்லை.

நான் முன்பு ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் உடற்பயிற்சி உதவியாளராக இருந்தவள். இடுப்பு எலும்பு உடைந்து வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. பாதிப் பேர் எழுந்தார்கள். மீதிப் பேர் எழவில்லை. உடைந்த பிறகு ஒட்டவைப்பதற்குப் பதில், உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் நகர நிர்வாகம் ‘முதியோர் உடல்நலக் கல்வித் திட்டம்’ என்று ஒன்றை ஆரம்பித்தது. வகுப்பெடுக்க ஆள் கேட்டார்கள், போனேன். நூலகத்துக்குப் பின்னால் ஒரு கூடம், கைப்பிடி இல்லாத பதினோரு மர நாற்காலி, தரையில் நேராக ஒட்டிய சிவப்பு டேப். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, டேப்பின் மேல் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடப்பது, எந்த மாத்திரை தலையைச் சுற்ற வைக்கும் என்று தெரிந்துகொள்வது, குளியலறையில் எதைப் பிடிக்கலாம் எதைப் பிடிக்கக் கூடாது என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் விழுந்துவிட்டால் யாரும் தூக்கிவிடாமல் தானாக எழுந்து நிற்பது. இவ்வளவுதான் பாடம். திட்டத்தின் நீளமான பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ‘எந்திரிக்கிற கிளாஸ்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். நான் ‘டிரில் டீச்சர்’. என்னைவிட இருபது வயது பெரியவர்கள் சுட்டுவிரலைத் தூக்கி, “டீச்சர், ஒண்ணுக்கு” என்று அனுமதி கேட்டுக் கேலி செய்வார்கள்.

கண்டக்டர் அம்மா முதல் வருடமே வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த நாலு பேரைப் பார்த்தார். “உள்ள தள்ளிப் போங்க, உள்ளதான் அவ்வளவு இடம் இருக்குல்ல” என்றார். நாலு பேரும் மறுபேச்சு இல்லாமல் உள்ளே தள்ளிப் போனார்கள். அன்றிலிருந்து வகுப்பு என்னுடையதா அவருடையதா என்று எனக்கே சந்தேகம்.

இருபத்தெட்டு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக வேலை பார்த்தவர். அவர் சேர்ந்தபோது அந்த டிப்போவில் பெண்கள் மூன்றே பேர். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. இடுப்பை ஓர் இருக்கையின் ஓரத்தில் சாய்த்து, முட்டியைத் தளரவிட்டு நின்றால் எந்தப் பிரேக்குக்கும் அசைய மாட்டேன் என்பார். ஒரு டிப்போ மேலாளர், நீண்ட தடத்துக்குப் பெண்களைப் போட்டால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மறுநாள் அந்தத் தடத்தைக் கேட்டு வாங்கி, பத்து மணி நேரம் கண்டக்டர் இருக்கையில் தன் பையை மட்டும் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே போய் வந்திருக்கிறார். கால் வீங்கி இரண்டு நாள் செருப்பு போட முடியவில்லையாம். “அந்தாளு மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே” என்று சொல்லும்போது அந்த வயதிலும் அப்படி ஒரு சந்தோஷம்.

கணவர் அதே டிப்போவில் மெக்கானிக். வண்டியின் அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தில் ஒரு நாள் எண்ணெயில் சறுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. நாலு மாதம் படுத்திருந்தவர் எழாமலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு கண்டக்டர் அம்மா அதே வீட்டில் தனியாக இருந்தார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது, ஐம்பத்துநாலு படி. சமையலறை ஜன்னலிலிருந்து பேருந்து நிறுத்தம் தெரியும். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்து, அங்கிருந்தே டிரைவரைத் திட்டுவார். அந்த வீட்டை விட்டு எங்கும் போவதாக அவருக்கு எண்ணம் இல்லை.

ஒரே மகன். நகரத்தின் அந்தப் பக்கம், பெரிய அடுக்குமாடியில், நல்ல வேலையில் இருக்கிறான். அம்மாவை வந்து தன்னோடு இருக்கச் சொல்லி வருடக்கணக்காகக் கெஞ்சினான், மிரட்டினான். ஒரு தடவை மாடிப்படியில் அவர் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வானுக்கும் பூமிக்கும் குதித்தான். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு வந்துவிட வேண்டும். “சரி, விழுந்தா வர்றேன்” என்று அம்மா வாக்குக் கொடுத்தார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று மகனுக்கும் தெரியும்.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, முழங்கையில் உள்ளங்கை அளவு கன்றிப்போன காயத்தோடு வகுப்புக்கு வந்தார். என்ன ஆச்சு, விழுந்தீங்களா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்தார்.

“விழலை டீச்சர். உக்காந்துட்டேன்.”

எங்கே என்று கேட்டேன். குளியலறையில் என்றார். குளியலறையில் யாராவது முழங்கையால் உட்காருவார்களா? கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வார்த்தை வகுப்பு முழுக்கத் தொற்றிக்கொண்டது. ஏனென்றால் அங்கே இருந்த பதினோரு பேருக்கும் வீட்டில் இப்படி ஒரு நிபந்தனை இருந்தது. விழுந்தால் சைக்கிள் கிடையாது, விழுந்தால் தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, விழுந்தால் தையல் மிஷினை விற்றுவிடுவோம். அதனால் ஒருவரும் விழவில்லை, எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரிடையர் ஆன கம்பவுண்டர் சைக்கிளோடு சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தார். தையல்காரர் கறுப்புச் சாயம் பூசிய மீசைக்காரர், கடைத்தெருவில் முகம் தரையில் படும்படி உட்கார்ந்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பதற்கு எங்கள் வகுப்பில் உயிருள்ள சாட்சி இருக்கிறது என்று கம்பவுண்டர் அவரை ஒரு மாதம் ஓட்டினார்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் படிவத்தில் எப்போதும்போல ‘ஒருவரும் இல்லை’ என்று எழுதினேன். உண்மையை எழுதினால் விவரம் கேட்பார்கள், விவரம் கேட்டால் வீட்டுக்குப் போன் போகும், வீட்டுக்குப் போன் போனால் சைக்கிள் போகும், வீடு போகும். அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை அது.

இதற்கு நடுவில் ஒரு நாள் கண்டக்டர் அம்மா சமையலறையில் விழுந்தார். அன்றைக்கு மட்டும் என்னைத் தனியே அழைத்து முழுவதையும் சொன்னார். அடுப்பை அணைக்கத் திரும்பும்போது தலை கிறுகிறுத்தது, கண் திறந்தால் தரை. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மகனுக்குப் போன் போகும். அதனால் கத்தவில்லை. வகுப்பில் சொல்லித் தந்தபடி செய்திருக்கிறார். அவசரப்படாமல் மூச்சு விட்டு, எங்கே வலிக்கிறது என்று பார்த்து, பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, குழந்தை மாதிரி நாலு காலில் தவழ்ந்து, நாற்காலிக்குப் போய், ஒரு காலை முன்னால் மடித்து ஊன்றி எழுந்திருக்கிறார். அதற்கு அரை மணி நேரம் ஆனதாம். “யாரையும் கூப்பிடலை. நானே எந்திரிச்சேன் டீச்சர்” என்றார். பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான் தாங்கவில்லை. அவர் அந்த வீட்டில் தனியாக இருக்க முடிந்தது இந்த வகுப்பால்தான் என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமானது. கட்டத்தில் மட்டும் வழக்கம்போல எழுதினேன்.

போன வருடம் கடிதம் வந்தது. ‘இப்பகுதியில் முதியோர் கீழே விழும் நிகழ்வு எதுவும் பதிவாகாததால், இவ்வகுப்புக்கான தேவை இல்லை எனக் கருதப்படுகிறது. மாத இறுதியுடன் வகுப்பு நிறுத்தப்படும்.’ கூடத்தில் பழைய கோப்புகளை வைக்கப் போகிறார்களாம். மனிதர்கள் எழுந்து நிற்கப் பழகும் இடத்தில் காகிதம் படுத்துக்கொள்ளப் போகிறது.

நேராக அலுவலகத்துக்குப் போனேன். திட்டத்தைப் பார்க்கும் அதிகாரி மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வகுப்பு நடப்பதால்தான் சமாளிக்கிறார்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒருவரும் விழவில்லை என்றால் வகுப்பின் வேலை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்றார். குடை பிடித்திருக்கிறவன் நனையவில்லை என்று சொல்லி மழையில் குடையைப் பிடுங்குவீர்களா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து பதினாறு படிவத்தையும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே மேடம்?”

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், பதினாறிலும் என் கையெழுத்துதான். அவர் ஓர் உதவி செய்தார், அல்லது உதவி என்று நினைத்துச் செய்தார். நிறுத்துவதற்கு முன் ஒரு மறுபரிசீலனைக் கூட்டம் வைக்கலாம், வகுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் வாயால் வந்து சொல்லலாம், விதியில் இடமிருக்கிறது என்றார். விதிப்படி குடும்பத்தாருக்கும் அழைப்பு போகும் என்பதையும் சொன்னார். விதியாம் விதி.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் விஷயத்தைச் சொன்னதும் டேப்பின் மேல் ஒருவரும் நடக்கவில்லை. எழுந்து நின்று ‘விழுந்தேன்’ என்று சொன்னால் வகுப்பு பிழைக்கும், சொன்னவர் வீட்டில் மாட்டிக்கொள்வார். கம்பவுண்டர் தன் மகள் கூட்டத்திலிருந்தே நேராகப் போய் சைக்கிளுக்குப் பூட்டுப் போடுவாள் என்றார். தையல்காரர், நான் மீசையை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். அப்படியானால் வேறு யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சண்டை வந்தது. உன்னைவிட நான்தான் அதிகம் விழுந்தேன் என்றும், இல்லை நான் என்றும், அந்த நாலு சுவருக்குள் மட்டும் எல்லோரும் வீராப்பாகப் பேசினார்கள்.

நான் கண்டக்டர் அம்மாவிடம் கேட்கவில்லை. ஆனால் அவரைத்தான் பார்த்தேன், அதை மறைக்க மாட்டேன். அவர் ஒருவர் சொன்னால் மற்றவர்களும் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னால் ஐம்பத்துநாலு படிக்கு மேலே இருக்கும் அந்த வீடு போய்விடும் என்பதும் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பதினோரு பேர், எதிரே மகன்களும் மகள்களும், நடுவில் மேஜை போட்டு அதிகாரி. கண்டக்டர் அம்மாவின் மகன் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தான், கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. அதிகாரி படிவங்களைப் படித்தார். நாலு வருடத்தில் இங்கே ஒருவரும் விழவில்லை என்பது சந்தோஷமான செய்தி என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். தையல்காரர் தரையைப் பார்த்தார். கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கண்டக்டர் அம்மா எழுந்தார். கையை ஊன்றாமல் எழுந்தார்.

“நான் விழுந்தேன். அஞ்சு தடவை.”

மகன் தலையை நிமிர்த்தினான். அவர் அவனைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் நேரத்தைக் குறித்தே பழகியவர், ஒவ்வொன்றையும் நேரத்தோடு சொன்னார். குளியலறை, காலை எட்டேகால். சமையலறை, எட்டு முப்பத்தைந்து. இரண்டாவது மாடி வளைவு, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். அலமாரிக்குப் பக்கத்தில் எட்டரை. ஒன்று மட்டும் சாயங்காலம், அது ஈரத்தரை, அது என் தப்பு என்றார். ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார். எழுதாதது டீச்சர் தப்பில்லை, விழுந்தேன்னு சொன்னா எங்களைப் பிடிச்சு உக்கார வெச்சிடுவாங்க, அதனால நாங்களே உக்காந்துட்டோம்னு சொன்னோம் என்றார்.

அப்போது கம்பவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுத்த புத்தி. பிரஷர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். ஏழரைக்கு என்றார் அம்மா. காலையில் விழுந்த நாலு தடவையும் மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் விழுந்திருக்கிறீர்கள், இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டார். டாக்டரிடமும் உட்கார்ந்தேன் என்றுதான் சொன்னாராம். இரண்டு வருடம் டாக்டருக்கே தெரியவில்லை. ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்கு அவர் எலும்பையே பணயம் வைத்திருந்திருக்கிறார், நான் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அதிகாரி இன்னும் ஏதோ சந்தேகமாகவே பார்த்தார். விழுந்தால் நீங்களே எழுந்துவிடுகிறீர்களா என்று கேட்டார். கண்டக்டர் அம்மா மேஜைக்கு முன்னால் இருந்த வெறும் தரையில் மெல்ல மண்டியிட்டு, கையூன்றி, மல்லாந்து படுத்தார். மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். “தொடாதே” என்று தரையிலிருந்தபடியே சொன்னார். அவன் கையை நீட்டியபடி அப்படியே நின்றான். புரண்டார், முழங்கையை ஊன்றினார், தவழ்ந்தார், நாற்காலியைப் பிடித்தார், ஒரு காலை ஊன்றினார். நாலு நிமிடம் ஆனது. எழுந்து நின்று, மூச்சு வாங்கியபடி அதிகாரியிடம், “எழுதிக்குங்க” என்றார்.

அதற்குப் பிறகு தையல்காரர் ‘மூணு’ என்றார். கம்பவுண்டர் மகளைப் பார்த்துக்கொண்டே ‘நாலு’ என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதிகாரி எழுதி முடித்தபோது மொத்தம் முப்பத்தோரு தடவை. வகுப்பு நிற்கவில்லை. ‘தேவை மிக அதிகம்’ என்று புதுக் கடிதம் வந்தது. முந்தைய கடிதத்தை எழுதிய அதே கை எழுதியதுதான்.

கூட்டம் கலைந்ததும் மகன் அம்மாவிடம் வந்தான். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார். நான் நடுவில் புகுந்தேன். மாத்திரையை மாற்றினால் போதும், அந்த வீட்டைப் பறிக்காதீர்கள், அவர் தானாக எழுவதைக் கண்ணால் பார்த்தீர்கள்தானே என்று கத்தினேன். அவன் கத்தவில்லை.

“எங்கப்பாவும் ஒரே ஒரு தடவைதான் விழுந்தாரு டீச்சர்.”

மாத இறுதியில் வகுப்பு நின்றிருக்க வேண்டிய அதே நாளில், கண்டக்டர் அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை மகனிடம் கொடுத்தார். வகுப்பைக் காப்பாற்றியவருக்கு வகுப்பு இல்லை. மகன் வீட்டிலிருந்து வர இரண்டு பேருந்து மாற வேண்டும், அதற்கு அவரைத் தனியாக விடமாட்டார்கள். இதற்கு நியாயம் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் என் கண்ணில் பட வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். லிஃப்டில் பதினோராவது மாடி. கால் புதையும் விரிப்பு, ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் பெரிய சோபா. அதில் கண்டக்டர் அம்மா இருந்தார். மருமகள் நல்ல பெண், நேரத்துக்கு எல்லாம் கொடுக்கிறாள். பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை வேறு வைத்திருக்கிறார்கள். அம்மா எழ நினைக்கும் முன்பே அந்தப் பெண்மணி அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, குளியலறைக்கு நடத்திப் போய்க் கொண்டுவந்து மறுபடியும் உட்காரவைத்தாள். மகன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

“பாத்தீங்களா டீச்சர், இங்க வந்து ரெண்டு மாசமா அம்மா ஒரு தடவைகூட விழலை.”

கூட்டம் முடிந்த வாரமே டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். அதனால்தான் விழவில்லை. பழைய வீட்டிலேயே இருந்திருந்தாலும் விழுந்திருக்க மாட்டார் என்று சொன்னேன். நீங்கள் நிற்கவே விடாத ஆள் எங்கிருந்து விழுவார் என்றும் கேட்டேன். ஒருவர் வீட்டுக் கூடத்தில் நின்று பேசுகிற பேச்சில்லை அது, தெரிந்துதான் பேசினேன். பிறகு சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு சாதாரண நாற்காலியை இழுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் போட்டேன். அதில் மாறி உட்காரச் சொன்னேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னேன்.

எழ முடியவில்லை. ஐம்பத்துநாலு படி ஏறிய தொடை, இரண்டே மாதத்தில் தளர்ந்திருந்தது. இரண்டாவது முறை பாதி வரை வந்து பொத்தென்று உட்கார்ந்தார். மூன்றாவது முறையும் அதேதான். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். இதைவிட அந்த வகுப்பை மூடியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளும் பெண்மணி தூக்க ஓடி வந்தாள். மகன் அவளை முந்திக்கொண்டு கைநீட்டினான்.

“எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? விடு. எந்திரிச்சு என்ன பண்ணப் போறே?”

கண்டக்டர் அம்மா அவன் கையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

“விழுந்தா வர்றேன்னு சொன்னேன். வந்துட்டேன். எந்திரிக்க மாட்டேன்னு உங்கிட்ட எப்படா சொன்னேன்?”

அவன் கையை எடுத்துக்கொண்டான். நாலாவது முறை உடம்பு நடுங்கியது, உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முட்டிக்கு மேல் வரும் வரை முன்னால் சாய்ந்து, நான் சொல்லித் தந்த வரிசை மாறாமல், ஐந்தாவது முறை எழுந்தார். நின்றார்.

சுவரைப் பிடிக்காமல் மகனைத் தாண்டி வாசலுக்கு நடந்தார். எங்கே போகிறாய் என்று அவன் கேட்டான். செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கிறது, அதற்குள் படி ஏறி இறங்கிப் பழக வேண்டும், மூன்று நாள்தான் இருக்கிறது என்றார். லிஃப்ட் இருக்கே என்றான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் அன்றைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். மகன் ஒரு நிமிடம் அங்கேயே நின்றான். பிறகு அவனும் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.